சாகும் உரிமைக்கு ஒரு கையெழுத்து

முதலில் அந்த வாசகத்தைப் பார்த்துவிடுவோம், ரசிக்க வேண்டிய வாசகம். 2011-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநில அரசியல் சாசனத்தில், உரிமைகள் அத்தியாயத்தில், பேச்சுரிமையும் வழிபாட்டுரிமையும் உட்கார்ந்திருக்கும் அதே திண்ணையில் இதற்கும் இடம் போட்டுக் கொடுத்தார்கள். சாரம் இதுதான்: எந்தச் சட்டமும் எந்த மனிதரையும், முதலாளியையும், மருத்துவரையும் நேராகவோ சுற்றி வளைத்தோ ஒரு மருத்துவ ஏற்பாட்டில் சேரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. இன்சூரன்ஸ் விற்பதையும் வாங்குவதையும் தடுக்கக் கூடாது. விற்றதற்கோ வாங்கியதற்கோ அபராதம் போடக் கூடாது. கேட்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. கூடவே ஓர் அடக்கமான வரியும் உண்டு: 2010 மார்ச் 19 வரை அமலில் இருந்த சட்டங்களை இது பாதிக்காது.

ஒபாமா தன்னுடைய மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டது 2010 மார்ச் 23. ஆக, மனிதகுலத்தின் இந்தப் பிறப்புரிமைக்குப் பிறந்த தேதி உண்டு. 19-ம் தேதிக்கு முந்தைய கட்டாயம் எல்லாம் சுதந்திரம். அதற்குப் பிந்தைய கட்டாயம் எல்லாம் கொடுங்கோன்மை. மெடிகேர் என்கிற முதியோர் மருத்துவத் திட்டத்துக்காக ஒவ்வொரு தொழிலாளியின் சம்பளத்திலிருந்தும் கேட்காமலே பிடிக்கிறார்களே, அது? அது 1965-ல் வந்தது ஐயா, பழைய கட்டாயம், பழகிப்போன கட்டாயம். அதைத் தொட்டால் கையெழுத்து வாங்க வந்தவரின் பாட்டியே அவரைத் தெருவில் விரட்டியிருப்பார்.

இந்தத் திருத்தத்தை வாக்குச்சீட்டில் ஏற்றக் கிட்டத்தட்ட 3,85,000 செல்லுபடியாகும் கையெழுத்துகள் தேவைப்பட்டன. 5,40,000-க்கும் மேல் கொண்டுவந்து கொடுத்தார்கள். டீ பார்ட்டி என்று பேர் வைத்துக்கொண்ட இயக்கத்தின் தொண்டர்கள் திருவிழாக்களிலும் கடைவாசல்களிலும் அட்டையும் பேனாவுமாக உண்மையாகவே நின்றார்கள். அதை மறுக்க மாட்டேன். காசுக்கு வாங்கிய கூட்டம் என்று சொல்லி ஒதுக்கிவிட்டால் நம் மனசு ஆறும், ஆனால் விஷயம் புரியாது. தன்னைக் காப்பாற்ற வந்த சட்டத்தை விரட்ட ஒருவர் விடுமுறை நாளில், கூலி வாங்காமல், வெயிலில் நிற்கிறார் என்பதுதான் இங்கே வியக்க வேண்டிய சங்கதி. நவம்பர் 8 அன்று வாக்கெடுப்பு. மூன்றில் இரண்டு பங்குப் பேர் ‘சரி’ என்றார்கள்.

அதே நாளில், அதே வாக்குச்சீட்டில், அதே மக்கள் இன்னொன்றும் செய்தார்கள். அரசு ஊழியர் சங்கங்களின் பேரம் பேசும் உரிமையை ஒடுக்கிய மாநிலச் சட்டத்தை 61 சதவீதம் பேர் தூக்கி எறிந்தார்கள். அதற்காக வாங்கப்பட்ட கையெழுத்து ஏறக்குறைய 13 லட்சம். சம்பளத்தில் கை வைத்தால் தெரிகிறது. உயிரில் கை வைத்தால் ‘சுதந்திரம்’ என்று யாரோ காதில் ஓதினால் போதும், சரி என்று விடுகிறார்கள்.

அப்படி என்ன கட்டாயம் அது? ஒபாமாவின் சட்டம் வருமுன் பெரும்பாலான மாநிலங்களில், தனியாக இன்சூரன்ஸ் வாங்கப் போனவரைக் கம்பெனி உட்கார வைத்து உடம்பு ஜாதகம் பார்க்கும். சர்க்கரையா, போய் வா. பத்து வருஷம் முன் புற்றுநோய் வந்து குணமானதா, ரொம்ப சந்தோஷம், போய் வா. ஏறக்குறைய 5 கோடிப் பேர் காப்பீடே இல்லாமல் இருந்தார்கள். புதிய சட்டம், நோய் இருக்கிறது என்று யாரையும் திருப்பி அனுப்பாதே என்றது. அப்படிச் சொன்னால், உடம்புக்கு வரட்டும், அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று எல்லோரும் காத்திருப்பார்கள், கம்பெனி திவாலாகும். ஆகவே எல்லோரும் சேர வேண்டும், சேராதவர் வருமான வரியோடு ஒரு தொகை கட்ட வேண்டும் என்றது. 2014-ல் அந்தத் தொகை 95 டாலர், அல்லது வருமானத்தில் 1 சதவீதம், எது அதிகமோ அது. ஏழைகளுக்கு விலக்கும் உண்டு. இந்த யோசனையைப் பெற்றெடுத்தது எந்த மார்க்சிய வகுப்பறையும் இல்லை. 1989-ல் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்கிற அசல் வலதுசாரி ஆய்வு நிறுவனம் எழுதி வைத்தது. 2006-ல் குடியரசுக் கட்சி ஆளுநர் மிட் ராம்னி மாசசூசெட்ஸில் அதை அமல்படுத்திக் கையெழுத்துப் போட்டார், படமும் எடுத்துக்கொண்டார். அப்போது அதன் பெயர் ‘தனிமனிதப் பொறுப்பு’. அதே பிள்ளையை ஒரு கறுப்பர் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டதும் பெற்றவர்களுக்கு முகம் மறந்துபோனது. நான்கே வருஷத்தில் அது சோஷலிசம், அரசு அடிமைத்தனம், அமெரிக்காவின் முடிவு.

அந்தச் சட்டம் இன்னும் மசோதாவாக இருந்த 2009 கோடையை நினைத்துப் பார்க்க வேண்டும். தொகுதிக் கூட்டங்களில் நாடாளுமன்ற உறுப்பினர்களை மக்கள் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்ட காலம். முதியவர் யாரைச் சாக விடலாம் என்று முடிவு செய்ய அரசாங்கம் ‘மரணக் குழு’ அமைக்கப் போகிறது என்று குடியரசுக் கட்சியின் சாரா பேலின் எழுதினார். சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. அந்த வருஷத்தின் மகா பொய் என்று, அரசியல்வாதிகளின் பேச்சைச் சரிபார்க்கும் பாலிட்டிஃபாக்ட் தளம் அதற்குப் பட்டம் சூட்டியது. பட்டத்தால் பொய்க்கு ஒரு கீறலும் விழவில்லை. தென் கரோலினாவில் பாப் இங்லிஸ் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினரின் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, என் மெடிகேர் மேல் அரசாங்கம் கை வைக்கக் கூடாது என்று முழங்கினார். மெடிகேரே அரசாங்கத்துடையதுதானே ஐயா என்று இங்லிஸ் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. இந்தக் கதையைச் சொல்லி அமெரிக்க மேல்தட்டு இன்றும் சிரிக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தனக்குக் கிடைப்பதெல்லாம் உழைத்து வாங்கியது, அடுத்தவனுக்குக் கிடைப்பதெல்லாம் இலவசம் என்று நம்பும் வியாதி அமெரிக்காவில் மட்டும் இருப்பதில்லை.

இனி, ‘அடிமட்ட மக்கள் எழுச்சி’யின் விதை எந்தக் கடையில் வாங்கியது என்று பார்க்கலாம். அரிசோனாவில் 2008 நவம்பரிலேயே, ஒபாமா பதவியேற்கும் முன்பே, இதே மாதிரி ஒரு திருத்தத்தைக் கையெழுத்து வாங்கி வாக்கெடுப்புக்கு விட்டிருந்தார்கள். மயிரிழையில் தோற்றது. நோய் வருவதற்கு முன்பே மருந்து தயார்! அந்தச் சரக்கை ஆலெக் எடுத்து மெருகேற்றியது. ஆலெக் என்பது மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களும் பெரிய கம்பெனிகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து மாதிரி மசோதா எழுதும் மண்டபம். ஒருவர் எழுதித் தருவார், இன்னொருவர் ஊருக்குக் கொண்டுபோய்த் தன் சொந்த மூளையில் உதித்ததாகத் தாக்கல் செய்வார். ஊர்ப் பெயரையும் தேதியையும் மட்டும் நிரப்பிக்கொண்டால் மக்களின் குரல் தயார். ஐடஹோவில் புட்ச் ஆட்டர் என்ற ஆளுநர், ஒபாமாவே கையெழுத்திடுவதற்கு 6 நாள் முன்னால், இன்னும் பிறக்காத சட்டத்தை எதிர்க்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். இந்த ஆட்டரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

பிறகு வரிசையாக. மிசூரியில் 2010 ஆகஸ்டில் 71 சதவீதம். ஓக்லஹோமாவில் 65. அரிசோனாவில் இரண்டாம் முயற்சி வெற்றி. 2012-ல் வயோமிங், மொன்டானா, அலபாமா. பல இடங்களில் சட்டமன்றமே மக்கள் முன் கொண்டுபோய் வைத்தது. சில இடங்களில் தெருவில் கையெழுத்து. கொலராடோக்காரர்கள் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாக்குச்சாவடிக்குப் போனதும் நிதானம் வந்து வேண்டாம் என்று விட்டார்கள். புளோரிடாவில் 2010-ல் மாநில உச்ச நீதிமன்றம் குறுக்கே வந்தது: வாக்குச்சீட்டில் அச்சிட இருந்த சுருக்கம் ஆளை ஏமாற்றுகிறது என்று சொல்லி எடுத்தே விட்டது. திருத்தி எழுதி 2012-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். பாதிப் பேரைக்கூடத் தேற்ற முடியவில்லை.

சரி, இத்தனை லட்சம் கையெழுத்துக்கும் சட்டப்படி என்ன பலன்? பூஜ்யம். அமெரிக்க அரசியல் சாசனத்தின் 6-ம் பிரிவு, நாட்டின் சட்டமும் மாநிலச் சட்டமும் முட்டிக்கொண்டால் நாட்டின் சட்டமே நிற்கும் என்று 18-ம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டது. முன்னின்று நடத்தியவர்களில் வக்கீல்கள் உண்டு. அவர்களுக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. தெரிந்தே மக்களிடம் பேனாவைக் கொடுத்தார்கள்.

இங்கே தமிழ் வாசகரிடம் தனியாக ஒரு வார்த்தை. மாநில உரிமை என்றதும் நமக்குக் காதில் தேன் பாயும். பாய வேண்டியதுதான், நம் வரலாறு அப்படி. அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு வேறு வாடை. 1832-ல் நாட்டின் சுங்கச் சட்டம் எங்களுக்குச் செல்லாது என்று தென் கரோலினா அறிவித்தது. அதற்குத் தத்துவம் எழுதிக் கொடுத்த ஜான் கல்ஹூன் அடிமை முறையை நன்மை என்றே வாதிட்டவர். 1957-ல் ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரில் 9 கறுப்புப் பிள்ளைகள் பள்ளிக்குள் நுழைவதைத் தடுக்க ஆளுநர் ஃபாபஸ் படையை நிறுத்தியதும் மாநில உரிமையின் பெயரால்தான். ஜனாதிபதி ஐசனோவர் ராணுவத்தை அனுப்பிப் பிள்ளைகளை உள்ளே கொண்டுபோய் விட்டார். மறு வருஷமே, மாநிலங்கள் தப்பிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுதியது. டெல்லியை எதிர்த்துப் பேசுகிறவர் எல்லாம் பலவீனருக்காகப் பேசுகிறார் என்று நினைத்துவிடும் வழக்கம் நமக்கு உண்டு. அதே கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாஷிங்டனை எதிர்ப்பவரைப் பார்த்தால் ஆளே மாறித் தெரியும்.

சட்டத்தில் பலன் பூஜ்யம் என்றேன். அரசியலில் அப்படி இல்லை. கோபம் இனிமேல்தான் வருகிறது.

ஒபாமாவின் சட்டத்தை எதிர்த்து 26 மாநிலங்கள் வழக்குப் போட்டன. 2012 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தீர்ப்புச் சொன்னது. அபராதம் என்பது ஒரு வகை வரி, வரி போட நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, ஆகவே கட்டாயம் செல்லும். இரண்டு வருஷமாகத் தெருத்தெருவாகத் திட்டப்பட்ட அந்தக் கட்டாயம் அப்படியே பிழைத்தது. அதே தீர்ப்பு, யாருமே கையெழுத்து வாங்காத இன்னொன்றைத் தட்டிவிட்டது. ஏழைகளுக்கான மெடிகெய்டு திட்டத்தை எல்லா மாநிலமும் விரிவாக்கியே தீர வேண்டும், மறுத்தால் பழைய நிதியும் நின்றுபோகும் என்று சட்டம் சொல்லியிருந்தது. அது மாநிலங்களின் கழுத்தைப் பிடிப்பது, விருப்பமிருந்தால் செய்யட்டும் என்றது நீதிமன்றம்.

விருப்பம்! முதல் மூன்று வருஷம் செலவு முழுவதும் வாஷிங்டன் தரும், அதன்பின் படிப்படியாகக் குறைந்தாலும் 90 சதவீதத்துக்குக் கீழே போகாது. மாநிலம் கையை நீட்டினால் போதும். பாதி மாநிலங்கள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டன. ஏன்? மக்கள் சொல்லிவிட்டார்களாம். 71 சதவீதமாம், 65 சதவீதமாம். 95 டாலர் அபராதத்துக்கு எதிராக வாங்கிய கையெழுத்தைக் காட்டி, அபராதத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஏழையின் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கிழித்தார்கள். அபராதத்தைத் தொட முடியவில்லை. ஏழையைத் தொட முடிந்தது. கையெழுத்து இயக்கத்தின் கைக்கு எட்டிய ஒரே பலன் இதுதான்.

இதில் விழுந்த பள்ளத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எல்லா மாநிலமும் ஏழைகளை மெடிகெய்டில் சேர்த்துக்கொள்ளும் என்று நம்பித்தான் சட்டத்தை எழுதினார்கள். ஆகவே இன்சூரன்ஸ் வாங்க மானியம் வறுமைக்கோட்டில்தான் தொடங்கும். அதற்குக் கீழே கிடையாது. இப்போது டெக்சாஸைப் பாருங்கள். இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு தனியாக இருக்கும் ஒரு தாய், வருஷத்துக்குச் சுமார் 4,000 டாலருக்கு மேல் சம்பாதித்தால் மெடிகெய்டின் கண்ணுக்கு வசதி படைத்தவள். மானியம் வேண்டுமென்றால் 25,000 டாலருக்கும் மேல் சம்பாதிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே, ஹோட்டலில் தட்டுக் கழுவி, யாரோ ஒரு முதியவருக்குப் படுக்கை மாற்றிவிட்டு 14,000 டாலர் சம்பாதிக்கிறவளுக்கு? மெடிகெய்டுக்கு அவள் பணக்காரி, மானியத்துக்கு அவள் பரம ஏழை. உதவி வேண்டுமானால் ஒன்று இன்னும் தரித்திரமாக வேண்டும், இல்லையென்றால் திடீரென்று முன்னேற வேண்டும். குழந்தை இல்லாதவருக்கு அந்த 4,000 வாசலும் கிடையாது. காசே இல்லாவிட்டாலும் கிடையாது. இப்படி அந்தரத்தில் நின்றவர்கள் ஒரு கட்டத்தில் 20 லட்சத்துக்கும் மேல்.

அவள் சுதந்திரமானவள். யாரும் அவளை எந்த மருத்துவ ஏற்பாட்டிலும் கட்டாயப்படுத்திச் சேர்க்க முடியாது. மார்பில் கட்டி தென்பட்டால் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கும் சுதந்திரம் உண்டு. மாத்திரையைப் பாதியாக உடைத்து நாள் விட்டு நாள் விழுங்கும் சுதந்திரம் உண்டு. மயங்கி விழுந்தால் அவசரப் பிரிவுக்குத் தூக்கிப் போகலாம். 1986-ல் ரீகன் கையெழுத்திட்ட சட்டப்படி அங்கே விரட்டக் கூடாது, உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டுத்தான் பில்லைக் கையில் தர வேண்டும். நிறுத்திவிட்டால் அவர்கள் கடமை முடிந்தது. சர்க்கரைக்கு வைத்தியம் அங்கே கிடைக்காது. சர்க்கரையால் அழுகிய காலை எடுப்பது கிடைக்கும்.

பொருளாதார ஆய்வாளர்கள் இதைக் கணக்கே போட்டுவிட்டார்கள். 2014 முதல் 2017 வரை விரிவாக்க மறுத்த மாநிலங்களில், 55-லிருந்து 64 வயதுக்குட்பட்டவர்களில் மட்டும், விரிவாக்கியிருந்தால் சுமார் 15,600 பேர் சாகாமல் இருந்திருப்பார்கள் என்று 2019-ல் வெளியான ஆய்வு சொன்னது. ‘மரணக் குழு’ வரப்போகிறது என்று அலறினார்களே, வந்தே விட்டது. சட்டமன்றம் என்ற பெயரில், கொடி கட்டிய கட்டடத்தில், உறுப்பினர்கள் பலர் அரசு ஊழியர் காப்பீட்டு அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கைதூக்கி வாக்களித்து முடிவு செய்தது. சாரா பேலின் இடம் மாற்றிச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

கையெழுத்தின் தாய்வீடான ஒஹாயோவில் என்ன ஆயிற்று என்றால், அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. ஆளுநர் ஜான் கேசிக் குடியரசுக் கட்சிக்காரர், ஒபாமாவின் சட்டத்தைத் திட்டியவர். ஆனால் மெடிகெய்டை விரிவாக்க வேண்டும் என்றார். செத்து மேலே போனால், அரசாங்கத்தைச் சின்னதாக வைத்திருந்தாயா என்று புனித பீட்டர் கேட்க மாட்டார், ஏழைகளுக்கு என்ன செய்தாய் என்றுதான் கேட்பார் என்று சொந்தக் கட்சிக்காரர்களுக்கே பிரசங்கம் செய்தார். சட்டமன்றம் அசையவில்லை. 2013 அக்டோபரில் நிதிக் கட்டுப்பாட்டு வாரியம் என்ற ஏழு பேர் குழுவின் வழியாக, பின்வாசலில் கொண்டுவந்து முடித்தார். பல லட்சம் ஒஹாயோக்காரர்களுக்குக் காப்பீடு வந்தது. சுதந்திரத் திருத்தத்துக்குக் கையெழுத்துப் போட்ட எத்தனை பேர் வீட்டில் அந்த அட்டை இன்று இருக்கிறதோ, நான் கேட்கப் போவதில்லை. இருந்தால் நல்லது.

இனி ஆட்டரைக் கூப்பிடலாம். ஐடஹோவில் இளைஞர்கள் சிலர் ஒரு பழைய கேம்பர் வண்டிக்குப் பச்சை வர்ணம் அடித்து ஊர் ஊராகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். இந்தத் தடவை மெடிகெய்டு வேண்டும் என்பதற்காக. 2018 நவம்பரில் 61 சதவீதத்தோடு ஜெயித்தது. தேர்தலுக்குச் சில நாள் முன்பு, ஆமாம், இதற்கு வாக்களியுங்கள் என்று ஆதரவு கொடுத்தவர் யார்? புட்ச் ஆட்டர். பல வருஷம் மறுத்துவிட்டு, பதவி முடிந்து கிளம்புகிற வாரங்களில் மனசாட்சி வந்திருக்கிறது. அதற்கும் ஏதோ காத்திருப்புப் பட்டியல் இருந்திருக்கும். மெய்ன் மாநிலத்தில் 2017-ல் 59 சதவீதம் பேர் சொன்ன பிறகும் ஆளுநர் பால் லெபேஜ், அமல்படுத்துவதைவிட ஜெயிலுக்குப் போவேன் என்றார். ஓக்லஹோமாவில் 2020-ல் கிட்டத்தட்ட 6,500 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. மிசூரியில், 71 சதவீதம் எதிர்த்த அதே மிசூரியில், சரியாகப் பத்து வருஷம் கழித்து அதே ஆகஸ்டில் 53 சதவீதம் பேர் மெடிகெய்டை அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்தார்கள். சட்டமன்றம் அதற்குப் பணம் ஒதுக்க மாட்டோம் என்றது; மாநில உச்ச நீதிமன்றம் தலையில் குட்டித் தர வைத்தது.

மக்களின் கையெழுத்து புனிதம் என்று சத்தியம் செய்த அதே வாய்கள் திரும்பியதைத்தான் பார்க்க வேண்டும். கையெழுத்து அவர்களுக்கு எதிராகத் திரும்பிய மறுநிமிஷம், அப்பாவி மக்களை வெளியூர்ப் பணம் ஏமாற்றுகிறது என்று கண்டுபிடித்தார்கள். ஐடஹோ சட்டமன்றம் 2021-ல் ஒரு சட்டம் போட்டது: இனி மாநிலத்தின் 35 தொகுதிகளிலும், ஒன்று விடாமல், குறிப்பிட்ட சதவீதம் கையெழுத்து வேண்டும். அதாவது ஒரே ஒரு தொகுதி மறுத்தாலும் மாநிலம் முழுவதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நல்லவேளை, அங்குள்ள உச்ச நீதிமன்றம் அதை அந்த வருஷமே குப்பையில் போட்டது. தென் டகோட்டாவில் 60 சதவீதம் இருந்தால்தான் செல்லும் என்று மாற்றப் பார்த்தார்கள்; 2022 ஜூனில் மக்கள் அதை விரட்டிவிட்டு, நவம்பரில் மெடிகெய்டையும் ஜெயிக்க வைத்தார்கள்.

இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது மிசிசிப்பி. அந்த மாநில அரசியல் சாசனம், மனுவுக்கான கையெழுத்தை ஐந்து நாடாளுமன்றத் தொகுதிகளிலிருந்தும் சமமாகத் திரட்ட வேண்டும் என்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு 2000-களின் தொடக்கத்திலேயே மிசிசிப்பியின் தொகுதிகள் நான்காகக் குறைந்துவிட்டன. ஐந்தை நான்காக்கியது யாருக்கும் உறுத்தவில்லை, மனுக்கள் வந்தன, போயின. 2021 மே மாதம், மருத்துவக் கஞ்சா தொடர்பான வழக்கொன்றில், மாநில உச்ச நீதிமன்றம் விரல் விட்டு எண்ணிப் பார்த்து ஐந்து இல்லை என்று கண்டுபிடித்தது. ஐந்து இல்லையென்றால் எந்த மனுவும் இல்லை. மெடிகெய்டு விரிவாக்கத்துக்குக் கையெழுத்து இயக்கம் அப்போதுதான் கிளம்பியிருந்தது. கிளம்பிய இடத்திலேயே நின்றது. நாட்டின் மிக ஏழ்மையான மாநிலங்களில் ஒன்று, கிராமத்து ஆஸ்பத்திரிகள் நொடித்துப்போகும் மாநிலம், ஒரு வகுத்தல் கணக்கில் தோற்றுப்போனது. அரசியல் சாசனத்தில் ஓர் எண்ணைத் திருத்தினால் போதும். சட்டமன்றத்துக்கு அந்த எண்ணை எழுத இன்றுவரை கை வரவில்லை.

வரலாறு சில சமயம் தானே அங்கதம் எழுதிவிடுகிறது. நமக்கு வேலை மிச்சம். வயோமிங்கில் 2012-ல் நிறைவேறிய திருத்தம், தகுதியுள்ள ஒவ்வொரு வயதுவந்தவருக்கும் தன் மருத்துவ முடிவைத் தானே எடுக்கும் உரிமை உண்டு என்கிறது. ஒபாமாவுக்கு வைத்த கண்ணி. 2022-ல் நாட்டின் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையைப் பறித்ததும், வயோமிங் சட்டமன்றம் கருக்கலைப்பைத் தடை செய்தது. பெண்கள் நீதிமன்றத்துக்குப் போய் அந்தத் திருத்தத்தையே எடுத்து விரித்தார்கள்: தன் மருத்துவ முடிவு தன் உரிமை, நீங்கள்தானே எழுதினீர்கள்? அரசுத் தரப்பு வக்கீல்கள், கருக்கலைப்பு மருத்துவமே கிடையாது என்று வாதாடிப் பார்த்தார்கள். 2024 நவம்பரில் டீட்டன் கவுன்டி நீதிபதி அந்தத் தடைகளை அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தள்ளினார். ஒஹாயோவிலும் 2022-ல் ஆறு வாரத் தடையை நிறுத்தி வைத்த நீதிபதி, டீ பார்ட்டித் தொண்டர்கள் வெயிலில் நின்று வாங்கிக் கொடுத்த அந்தத் திருத்தத்தையும் எடுத்துக்காட்டினார். மருத்துவச் சுதந்திரம் என்று பத்து வருஷம் கத்தியவர்கள், ஒரு பெண் அந்தச் சுதந்திரத்தை நம்பி வாசலுக்கு வந்ததும், அதைப் போய் உனக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்டார்கள்.

கட்டாயம் என்ற அந்தப் பூதத்தின் கதையையும் முடித்துவிடலாம். டிரம்ப்பின் 2017 வரிச் சட்டம் அபராதத்தைப் பூஜ்யமாக்கியது. 2019 முதல் வாஷிங்டனின் அந்த அபராதம் யாருக்கும் இல்லை. ஆக, இந்தத் திருத்தங்கள் எதிர்க்க எதிரே எதுவும் இல்லாமல் இன்னும் அரசியல் சாசனங்களில் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கின்றன.

ஆனால் வாஷிங்டன் சும்மா இருக்கவில்லை. 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் ஒரு புதிய கட்டாயத்தைக் கொண்டுவருகிறது. விரிவாக்கத்தில் காப்பீடு பெற்ற ஏழை, விலக்கு இல்லாவிட்டால், மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ தொண்டோ செய்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும். 2027 தொடக்கத்திலிருந்து எல்லா விரிவாக்க மாநிலங்களும் இதை அமல்படுத்தியாக வேண்டும். மிசூரி மக்கள் தங்கள் திருத்தத்திலேயே, மெடிகெய்டு விரிவாக்கத்தில் வருகிறவர்மேல் கூடுதல் சுமை எதையும் ஏற்றக் கூடாது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். வாஷிங்டன் சட்டத்தின்முன் அது நிற்காது. மாநிலத்தைக் கட்டாயப்படுத்தும் வாஷிங்டன் சட்டம். நேராகவும் சுற்றி வளைத்தும் மனிதரைக் கட்டாயப்படுத்தும் சட்டம். இந்தச் சட்டத்தால் 2034-க்குள் ஒரு கோடிப் பேர் காப்பீடு இழப்பார்கள் என்பது நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகத்தின் கணிப்பு. 2010-ல் மாநில உரிமைக்காக மார்பில் அடித்துக்கொண்ட கட்சிதான் செனட்டில் துணை ஜனாதிபதி வான்ஸின் ஒற்றை ஓட்டைப் போட்டு இதை நிறைவேற்றியது.

இது எப்படி நடக்கும் என்பதற்கு ஒத்திகையே உண்டு. ஆர்கன்சா 2018-ல் செய்து பார்த்தது. வேலை செய்த கணக்கை இணையதளத்தில் பதிய வேண்டும் என்றார்கள். நாட்டிலேயே இணைய வசதி மிகக் குறைந்த மாநிலங்களில் ஒன்று அது. போதாதற்கு, அந்த இணையதளம் இரவு 9 மணிக்கு மூடிக் காலை 7 மணிக்குத்தான் திறக்கும். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, ராத்திரி வந்து, வேலை பார்த்தேன் என்று பதிய உட்கார்ந்தவருக்குக் கதவு அடைப்பு. நீதிமன்றம் நிறுத்துவதற்குள் சில மாதங்களில் 18,000-க்கும் மேற்பட்டவர்கள் காப்பீட்டை இழந்தார்கள். அவர்களில் நிறையப் பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள், அல்லது பார்க்க முடியாத உடம்புக்காரர்கள்.